திரும்ப ஓட்டிப் பார்க்கிற அந்த ஒரு நிமிடம்
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தன. எழுதியவர்கள் எல்லோரும் சொந்தமாகச் சிறுதொழில் செய்கிறவர்கள். வருடக்கணக்கில் கட்டுரையும் வீடியோவும் போட்டு வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களைத் திரும்பக் கூப்பிட ஒரு மெயில் முகவரிகூடக் கையில் இல்லை. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: வீட்டிலிருந்தே தையல் கற்றுக்கொடுக்கிறேன். யூடியூபில் நான்கு வருட வீடியோக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும், "இலவச வழிகாட்டி வேண்டுமென்றால் மெயில் முகவரி கொடுங்கள்" என்று சொல்கிறேன். வழிகாட்டி 40 பக்கம், மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்தது. ஆனாலும் மாதத்துக்கு ஏழெட்டுப் பேர்தான் சேர்கிறார்கள். எங்கே குறை? – தையல் ஆசிரியை ஒருவர்

பதில்: கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய வழிகாட்டியை முழுக்கப் படித்தேன். அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் வீடியோ பார்க்கிறவருக்கு அந்த நேரத்தில் நாற்பது பக்கம் தேவைப்படவில்லை. அவருக்கு என்ன வேண்டும் என்பதை உங்கள் வீடியோவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போனால், பார்க்கிறவர்கள் எதுவரை பார்த்தார்கள் என்று ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு கோடு வரும். பொதுவாக அது தொடக்கத்தில் சட்டென்று விழும், அப்புறம் மெல்லச் சரிந்துகொண்டே போகும். நடுவில் எங்காவது மேலே எழும்பினால் அங்கே நின்று நிதானமாகப் பாருங்கள். மக்கள் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்த இடம் அது, அல்லது நேராக அங்கேயே தாவி வந்த இடம். யாருடைய கணக்கைப் பார்த்தாலும் நான் முதலில் தேடுவது இந்த மேட்டைத்தான். நீங்கள் அனுப்பிய படங்களில், ஊசி ஏன் உடைகிறது என்ற வீடியோவின் கோடு ஒன்பதாவது நிமிடத்தில் நன்றாகவே எழும்பியிருக்கிறது.

அங்கே என்ன சொல்கிறீர்கள் என்று போட்டுக் கேட்டேன். மெல்லிய துணிக்கு 60 அல்லது 70 எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 80, கொஞ்சம் கனமானதற்கு 90, ஜீன்ஸ் துணிக்கு 100, இழுபடும் துணிக்கு முனை உருண்ட ஊசி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறீர்கள். துணியும் கையுமாக மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்வது கஷ்டம். அதனால்தான் திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள்.

அந்த நிமிடத்தை ஒரே ஒரு தாளாக்குங்கள். இடப்பக்கம் துணி வகை, நடுவில் ஊசி எண், வலப்பக்கம் தையல் நீளம். ஊசி எண்ணை, பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதைப் போலவே, 80/12 என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதல் எண் ஊசியின் தடிமன். 80 என்றால் 0.80 மில்லிமீட்டர். இரண்டாவது இன்னொரு முறைப்படி வைத்த எண். வாங்கப் போகும்போது புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். அடியில் ஒரே ஒரு வரி: ஏறக்குறைய எட்டு மணி நேரம் தைத்ததும் ஊசியை மாற்றிவிடுங்கள். அவ்வளவு போதும். மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளக்கூடிய தாள் இது. இப்படி ஒன்றுக்கு முகவரி கொடுக்க அவ்வளவாகத் தயக்கம் வராது.

அடுத்தது, எங்கே கேட்கிறீர்கள் என்பது. வீடியோ முடியும்போது கேட்கிறீர்கள். அதுவரை இருப்பவர்கள் மிகக் குறைவு என்பதை அதே கோடு காட்டுகிறது. இனி எடுக்கும் வீடியோக்களில் அந்த எண்களைச் சொல்லும் இடத்திலேயே, "இதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம், ஒரு தாளாக மெயிலில் அனுப்புகிறேன்" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். பழைய வீடியோவுக்குள் புதிதாகப் பேச்சைச் சேர்க்க முடியாது. ஆனால் விவரக் குறிப்பின் முதல் வரியை இன்றே மாற்றலாம். இப்போது அங்கே உங்கள் சேனல் வரலாறு இருக்கிறது. அதைக் கீழே தள்ளிவிட்டு, "எந்தத் துணிக்கு எந்த ஊசி: ஒரு பக்க அட்டவணை" என்று எழுதி இணைப்பைக் கொடுங்கள். யூடியூபின் குட்டி வீடியோக்களான ஷார்ட்ஸில் இது பலிக்காது. 2023 ஆகஸ்ட் இறுதியிலிருந்து ஷார்ட்ஸின் விவரக் குறிப்பில் கொடுக்கும் இணைப்பைத் தட்டினால் திறக்காது. அதிலிருந்து பெரிய வீடியோவுக்குக் கொண்டுவந்து, அங்கிருந்துதான் அட்டவணைக்கு அழைத்துப் போக வேண்டும்.

நாற்பது பக்கத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அட்டவணை வாங்கியவருக்கு அதிலிருந்தே வாரம் ஒரு பகுதியாக அனுப்பிக்கொண்டு வாருங்கள். பல மாதங்களுக்கான மெயில் உங்களிடம் தயாராக இருக்கிறது.

கேள்வி: வீட்டுக்குள் வைக்கும் செடிகள் விற்கிறேன். இணையதளத்தில் எண்பது கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சுருக்கி ஐந்து தளங்களிலும் போடுங்கள், மெயில் பட்டியல் தானாக வளரும் என்கிறார்கள். எண்பதை நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? – செடி வியாபாரி ஒருவர்

பதில்: எண்பதையும் தொடாதீர்கள். ஒன்றே ஒன்றை எடுங்கள். எதை எடுப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை, கூகுள் சர்ச் கன்சோலைப் பாருங்கள். அதில் ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்தால், மக்கள் என்னென்ன சொற்களைத் தட்டித் தேடி அந்தக் கட்டுரைக்கு வந்தார்கள் என்று தெரியும். நீங்கள் வைத்த தலைப்பு ஒன்றாக இருக்கும், வந்தவர்கள் கேட்டது வேறாக இருக்கும். உங்கள் செடி வகைகளைப் பற்றிய கட்டுரைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் "இலை ஏன் மஞ்சளாகிறது" என்று தேடித்தான் வருகிறார்கள் என நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்தக் கேள்விதான் உங்கள் பட்டியலுக்கு வாசல்.

ஆனால் உங்களுக்கு அட்டவணை சரிவராது. தையல் ஆசிரியைக்குச் சொன்னதிலிருந்து நான் மாறுவதற்குக் காரணம் இருக்கிறது. ஊசி எண் பார்த்த அந்த நொடியில் பயன்பட்டுவிடும். இலை மஞ்சளானதை ஒரே நாளில் சரிசெய்ய முடியாது. இன்று ஒன்றைச் செய்து, நாளை இன்னொன்றைப் பார்க்க வேண்டும். அதற்கு ஏற்ற வடிவம் தினம் ஒரு மெயில், மொத்தம் ஐந்து நாள். பழைய சரக்கை வேறு வடிவத்துக்கு மாற்றும்போது நான் பார்ப்பது இது ஒன்றைத்தான்: படிக்கிறவர் அந்த வேலையை எப்போது, எத்தனை நாளில் செய்கிறார்? ஒரே பார்வையில் முடிகிற வேலைக்குத் தாள். நாள் பிடிக்கிற வேலைக்கு மெயில் வரிசை. யோசித்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் ஆம், இல்லை என்று பதில் சொல்லிக்கொண்டே போகிற கேள்வித்தாள்.

முதல் நாள் மெயிலில் ஒரே வேலை: விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் இன்று தண்ணீர் ஊற்றாதீர்கள். வீட்டுச் செடிகளில் இலை மஞ்சளாவதற்குத் தண்ணீர் மிகுதியாவது முக்கியக் காரணம் என்று உங்களுக்குத் தெரியும். அதை விளக்கி அரைப்பக்கம் எழுதாமல் விரலை மண்ணில் வைக்கச் சொன்னாலே போதும். இரண்டாம் நாள் தொட்டியைத் தூக்கி அடியில் துளை இருக்கிறதா, தட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் வெளிச்சம். நான்காம் நாள் இலையைத் திருப்பிப் பார்ப்பது: வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, மெல்லிய வலை பின்னியிருந்தால் சிலந்திப்பேன். ஐந்தாம் நாள், "உங்கள் செடியைப் போட்டோ எடுத்து இந்த மெயிலுக்கே பதிலாக அனுப்புங்கள்" என்று கேளுங்கள். துளையுள்ள தொட்டியோ மண் கலவையோ விற்பதாக இருந்தால் அதைச் சொல்லும் இடமும் ஐந்தாம் நாள்தான், அதற்கு முன்னால் வேண்டாம்.

கடைசி நாள் வரும் பதில்களைப் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்தக் கட்டுரையை எடுப்பது என்பதை அவை சொல்லிவிடும். ஐந்து தளங்களிலும் போடுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அப்போதும் ஐந்திலிருந்தும் வருகிறவர்கள் ஒரே பதிவுப் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தனிப் பரிசு என்று வைத்தால் எது வேலை செய்கிறது என்றே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

கேள்வி: இந்தக் காலத்தில் யார் மெயில் படிக்கிறார்கள்? எனக்கு இன்ஸ்டாகிராமில் பின்தொடர்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அது போதாதா? – புகைப்படக் கலைஞர் ஒருவர்

பதில்: ஆர்க்குட் என்ற சமூக வலைத்தளம் 2014-இல் மூடப்பட்டது. குட்டி வீடியோக்களுக்கான வைன் 2017-இல் போனது, கூகுள் பிளஸ் 2019-இல். அங்கெல்லாம் கூட்டம் சேர்த்து வைத்திருந்த சிறுதொழில்காரர்கள் அந்தக் கூட்டத்தை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வழி இருக்கவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒன்றாக ஆறு மணி நேரத்துக்கு நின்றுபோனதும் பலருக்கு நினைவிருக்கும். மெயில் பட்டியல் ஒரு கோப்பு. எந்தச் சேவையில் வைத்திருந்தாலும் இறக்கிக்கொண்டு வேறொன்றுக்குப் போகலாம். அதில் உள்ளவர் எவருக்கும் நீங்கள் எழுதியது போய்ச் சேர எந்த நிறுவனத்தின் வரிசைப்படுத்தலும் குறுக்கே நிற்காது என்று சொல்ல முடியாது, வேண்டாத மெயிலைத் தனியே ஒதுக்கும் ஸ்பேம் வடிகட்டி இருக்கிறது. ஆனாலும் வித்தியாசம் பெரியது. இன்ஸ்டாகிராமை விடச் சொல்லவில்லை. மக்கள் எந்தப் படத்தைச் சேமித்து வைக்கிறார்கள் என்று அங்கே பாருங்கள். சேமிப்பது அதிகமான பதிவுதான் உங்களுடைய ஒன்பதாவது நிமிடம்.

கேள்வி: கண்காட்சிகளில் சேர்ந்த விசிட்டிங் கார்டுகள் 1,200 இருக்கின்றன. பழைய பில் புத்தகத்திலும் முகவரிகள் உண்டு. எல்லாவற்றையும் பட்டியலில் ஏற்றி முதல் மெயிலை அனுப்பிவிடலாமா? – அலுவலக நாற்காலிகள் விற்பவர்

பதில்: தயவுசெய்து வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

1978 மே மாதம் கேரி துர்க் என்பவர், தாம் வேலைபார்த்த கணினி நிறுவனத்தின் புதிய இயந்திரங்களைக் காட்ட அழைப்பு விடுத்து, இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட் வலையமைப்பில் சுமார் 400 பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினார். முகவரிகளை அச்சிட்ட கையேட்டிலிருந்து எடுத்தார். யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை, எதிர்ப்பு கிளம்பியது. உலகின் முதல் ஸ்பேம் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். நீங்கள் கேட்பது அதே காரியம்தான்.

நடைமுறையிலும் அடி விழும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில், அனுப்புகிறவர்கள் மீது வரும் ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது, 0.1-க்குக் கீழேயே இருப்பது நல்லது என்கிறது. 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். உங்களை மறந்துபோன 1,200 பேரில் நான்கு பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவது ஒன்றும் அதிசயமில்லை. அப்புறம் ஆசையோடு சேர்ந்தவர்களுக்கும் உங்கள் மெயில் ஸ்பேமுக்குள் போகத் தொடங்கும். ஐரோப்பிய வாடிக்கையாளர் இருந்தால், 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சம்மதம் என்று சொல்லி முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம்கூடச் செல்லாது.

அதற்குப் பதில் ஒன்று செய்யுங்கள். கார்டுகளைப் புரட்டி, முகம் நினைவிருக்கிறவர்களை மட்டும் எடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக, பெயர் சொல்லி, எங்கே சந்தித்தோம் என்று எழுதி, உங்களிடம் உள்ள பயனுள்ள ஒரு தாளின் இணைப்பைக் கொடுங்கள். முதுகுவலிக்கு நாற்காலி உயரத்தை எப்படிச் சரிசெய்வது என்ற உங்கள் கட்டுரையை ஒரு பக்கமாக்கலாம்: பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்க வேண்டும், திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. விருப்பம் உள்ளவர் தாமே பதிவு செய்யட்டும். செய்தவருக்கு, "நீங்கள்தானா, உறுதிப்படுத்துங்கள்" என்று ஒரு மெயில் போகும்படி வைத்துவிட்டால் தப்பான முகவரிகளும் உள்ளே வராது.

கேள்வி: என் மெயில்கள் ஸ்பேமில்தான் விழுகின்றன. பட்டியலில் 300 பேர்தான். எல்லோரும் கேட்டு வாங்கியவர்கள். – கணக்கு எழுதித்தரும் வாசகி

பதில்: அனுப்பும் முகவரி ஜிமெயில் என்றே போட்டிருக்கிறீர்கள். பட்டியல் மெயில் அனுப்பும் சேவை வழியாக ஜிமெயில் முகவரியில் அனுப்பினால், பெறும் பக்கம் அதை ஆள்மாறாட்டமாகப் பார்க்கும். உங்கள் இணையதளப் பெயரிலேயே ஒரு முகவரி வைத்துக்கொண்டு மெயில் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளையும் போடுங்கள். என்ன எழுத வேண்டும் என்பதை நீங்கள் பயன்படுத்தும் சேவையே காட்டும். அதை அப்படியே நகலெடுத்து உங்கள் இணையதளப் பெயரின் (டொமைன்) அமைப்பில் ஒட்டுவதுதான் வேலை. நாளுக்கு 5,000 மெயிலுக்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்குத்தான் மூன்றும் கட்டாயம் என்றாலும், 300 பேருக்கும் போட்டு வைப்பது நல்லது.

கேள்வி: மெயிலைத் திறப்பவர்கள் 60 சதவீதத்துக்கு மேல் என்று காட்டுகிறது. ஆனால் ஆர்டர் ஒன்றும் வரவில்லை. – கைவினைப் பொருட்கள் செய்பவர்

பதில்: அந்த எண்ணை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மெயிலில் உள்ள படம் இறங்கினால் அதைத் திறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். 2021 செப்டம்பரில் ஐபோனின் ஐஓஎஸ் 15-உடன் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதியால், ஆப்பிள் மெயில் செயலியில் மெயிலில் உள்ள படங்கள் முன்கூட்டியே இறங்கிவிடுகின்றன. படிக்காதவரும் படித்தவராகக் கணக்கில் வந்துவிடுவார். இணைப்பைத் தட்டியவர்கள் எத்தனை, பதில் எழுதியவர்கள் எத்தனை என்று பாருங்கள். ஒவ்வொரு மெயிலிலும் ஒரே கேள்வி கேளுங்கள், ஒரு வரியில் பதில் சொல்லக்கூடியதாக. பத்துப் பேர் பதில் எழுதினால் அதில் என்ன செய்து விற்கலாம் என்பதும் இருக்கும்.

கேள்வி: பழைய வீடியோக்களை ஏஐ கருவியில் கொடுத்து மெயில்களாக மாற்றிவிட்டால் வேலை சுலபம்தானே? – சைக்கிள் பழுதுபார்ப்பவர்

பதில்: பேசியதை எழுத்தாக்குவதற்குத் தாராளமாகப் பயன்படுத்துங்கள், பெரிய நேர மிச்சம். ஆனால் எண்களை நீங்களே சரிபாருங்கள். உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். செயின் தேய்ந்ததா என்று பார்க்க, புதிய செயினில் சரியாக 12 அங்குலம் வரும் நீளம், பழையதில் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூடியிருந்தால் மாற்றும் நேரம் வந்தது, எட்டில் ஒரு பங்கு கூடியிருந்தால் பின்பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கலாம் என்று சொல்வீர்கள். நான் பார்த்த ஒரு எழுத்தாக்கத்தில் "பதினாறில் ஒன்று" என்பது "பதினாறு ஒன்று" என்று வந்திருந்தது. கவனிக்காமல் அனுப்பியிருந்தால் எப்போது மாற்றுவது என்று தெரியாமல் படித்தவர் குழம்பியிருப்பார்.

இன்னொன்று, உங்கள் பேச்சில் "செயினைத் தூக்கிப் பார்த்தா பல்லு தெரியுதுன்னா அது போச்சு" என்று ஒரு வாக்கியம் வருகிறது. கருவி அதை வழித்து வெறும் தகவலாக்கிவிட்டது. அந்த வாக்கியத்தை அப்படியே மெயிலில் வையுங்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் உங்களிடம் வருகிறார்கள்.

கேள்வி: பிடிஎஃப் கொடுக்கிறேன், இறக்குகிறார்கள், ஆனால் போனில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்று புகார். – யோகா ஆசிரியை

பதில்: ஏ4 அளவில் செய்ததை போனில் திறந்தால் அப்படித்தான் இருக்கும். ஏ4-இல் கால் பங்கு அளவுள்ள பக்கமாக மாற்றி, ஒரு பக்கத்துக்கு ஓர் ஆசனம் என்று வையுங்கள். அச்செடுக்க விரும்புகிறவர்களுக்கு ஏ4 கோப்பைத் தனியாகக் கொடுங்கள். இரண்டு மூன்று குறிப்புதான் என்றால் பிடிஎஃப்பே வேண்டாம், மெயிலுக்குள்ளேயே எழுதிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மெயிலின் அளவு 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி ஓர் இணைப்புக்குள் மறைத்துவிடும். பட்டியலிலிருந்து விலகும் வரி பெரும்பாலும் அந்த வெட்டுப்பட்ட பகுதியில்தான் இருக்கும். அது கண்ணில் படாதவர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத குறியீடுகள் நிறைய ஒட்டிக்கொண்டு வந்து அளவைக் கூட்டிவிடும். ஒட்டும்போது வெறும் எழுத்தாக ஒட்டுங்கள்.